எல்லை கூறித் தொகை காண்டல்: நாஞ்சில் நாட்டுச் சாசனமும் மின்னூட்டக் கணக்கும்

1. முன்னுரை

ஒரு பொருளை ‘மொத்தம் இவ்வளவு’ என்று கூறுவார், எங்குத் தொடங்கி எங்கு முடித்து எண்ணினார் என்பதையும் உடன் கூறக் கடமைப்பட்டவர். எல்லை கூறாத தொகை பொருள் நிரம்பாத சொல்லாகும். நிலம் அளந்தார்க்கும் நாள் எண்ணினார்க்கும் இவ்வுண்மை நெடுங்காலமாகவே தெரிந்திருந்தது. இன்று மின்னியல் பயில்வார்க்கும் இதுவே முதற்பாடம். ஆயினும், பொருளொன்றில் பரந்து கிடக்கும் மின்னூட்டத்தின் மொத்தத்தைத் தொகையிட்டுக் காணும்போது மாணவர் இடறுவது பெரும்பாலும் இவ்விடத்தேதான். தொகையிடும் விதிகளை அவர் அறிவார். எதுமுதல் எதுவரை தொகையிடுவது என்பதில் மயங்குவர்.

‘எல்லை’ என்னும் சொல் சாசனத் தமிழில் ஆளப்பெற்ற முறையை, மின்னூட்டத் தொகை காண்பதில் அச்சொல் இன்று ஏற்றுள்ள பொருளோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் முன்னோர் மின்னியலும் நுண்கணிதமும் அறிந்து சாசனம் பொறித்தனர் என்று நிறுவுவது நம் கருத்தன்று. அத்தகைய கூற்று வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே கேடு சூழ்வது. ஒரு துறையிற் பண்பட்ட சொல் மற்றொரு துறைக்குச் செல்லும்போது எதனை உடன்கொண்டு செல்கிறது, எதனை விட்டுச் செல்கிறது என்பதே நாம் காண விழைவது.

தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களே பண்டு நாஞ்சில் நாடு எனப்பட்டவை. 1956 நவம்பர் 1 ஆம் நாள் இவ்விரண்டும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் திருவிதாங்கூர்–கொச்சி அரசினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. எல்லை எங்கே நிற்கிறது என்பது இம்மாவட்டத்தார்க்கு வெறும் ஏட்டு வினாவாக இருந்ததில்லை. நாம் எடுத்துக்கொள்ளும் முதற்சான்றும் இம்மாவட்டத்ததே.

2. நாளின் தொகை

முஞ்சிறைக்கு அண்மையிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் திருமால் கோயில் ஒன்றெடுத்து, காந்தளூர்ச் சாலையின் மரியாதியைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர்க்குச் சாலையும் அமைத்தான். அதனைக் கூறும் செப்பேடு வட்டெழுத்தில் தமிழில் அமைந்தது. திருவனந்தபுரம் அசூர் அலுவலகத்தில் இருந்தமையின் அசூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர்பெற்றது. து. அ. கோபிநாதராவ் இதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் வெளியிட்டார்.

இச்செப்பேட்டின் காலக்குறிப்பு கருதத்தக்கது. மன்னனின் ஆட்சியாண்டோடு நில்லாது, கலி தொடங்கியதுமுதல் கழிந்த நாள்களின் மொத்தமும் தரப்பட்டுள்ளது. அத்தொகை 14,49,087. கலியின் தொடக்கத்தைக் கி.மு. 3102 பிப்பிரவரி எனக் கொண்டு கணக்கிட, இது கி.பி. 866 ஆம் ஆண்டில் அமைகின்றது. அரசர் பலரின் ஆட்சியாண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் தென்னாட்டு வரலாற்றில், ஐயத்திற்கு இடமின்றிக் காலம் துணிய இத்தகைய குறிப்பே துணை செய்கிறது.

இத்தொகைக்குரிய எல்லைகள் இரண்டு: ஒன்று தொடக்கம், மற்றொன்று முடிவு. முடிவு, சாசனம் எழுந்த நாள். அதனை நிகழ்ச்சியே தந்தது. தொடக்கமோ யாரும் கண்டதன்று. கணித நூலார் தம்முள் ஒத்து வகுத்துக்கொண்டது. கொல்லம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் தொகை வேறாகும். ஆனால் நிகழ்ச்சி வேறாகாது. ஆகவே எல்லை இருவகைப்படும் என்பது போதரும். பொருளே தருவது ஒன்று; எண்ணுவார் வகுத்துக்கொள்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு மேற்செல்வோம்.

3. நிலத்தின் தொகை

நிலக்கொடை கூறும் சாசனங்களில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நாற்புறமும் முறையே கூறப்படுதல் மரபு. ஆறு, வாய்க்கால், பெருவழி, பிறர் நிலம் என்பன எல்லையாகச் சுட்டப்படும். நான்கும் கூறிய பின்னரே ‘பெருநான்கெல்லை’ என்று அவை தொகுத்துரைக்கப்படும். அதன்பின் வரும் தொடர் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது: ‘உண்ணிலம் ஒழிவின்றி’ என்பது அது. எல்லைக்கு உட்பட்ட நிலத்தில் ஒரு துண்டும் விடுபடலாகாது என்பது அதன் பொருள்.

இதற்கு மறுதலையான விதியும் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் மொத்த நிலம் கூறப்பட்டபின், ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு முதலியன கழிக்கப்படுகின்றன. எஞ்சியதே இறை செலுத்தும் நிலம். அந்நத்தமும் குளமும் ஊரெல்லைக்கு உள்ளே இருப்பினும், கருதிய தொகைக்கு உள்ளே இல்லை. எனவே, உள்ளது விடுபடலாகாது, இல்லாதது புகலாகாது என்னும் இருவிதிகளும் சாசனக் கணக்கில் ஒருங்கே நிற்கின்றன.

எல்லையை நிலைநாட்டிய முறையும் நோக்கத்தக்கது. முதல் இராசராசன் அளித்த ஆனைமங்கலக் கொடையைக் கூறும் இலெய்டன் செப்பேடு, பெண்யானையை நிலத்தைச் சுற்றி நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை வகுத்ததைக் கூறுகிறது. ‘பிடி சூழ்தல்’ என்பது இதன் பெயர். தொடங்கிய இடத்தையே வந்தடையும் சுற்று ஆதலின் இவ்வெல்லை மூடிய எல்லை. ஓரிடத்தேனும் வாய் திறந்து கிடப்பின் உள் இது, புறம் இது என்று கூற இயலாது.

இனி, தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் நிலத்தைக் ‘கோட்டை விதைப்பாடு’ என்று விதையளவால் குறிக்கும் வழக்கு இருந்தது. இன்ன பரப்புக்கு இவ்வளவு விதை என்னும் செறிவு தெரிந்தால், பரப்பைக்கொண்டு விதையின் மொத்தத்தையும், விதையைக்கொண்டு பரப்பையும் கூறலாம். வயல் முழுதும் விதைப்பு ஒரே சீராயின் பெருக்கலே போதும். ஒரு பகுதியில் நெருங்கியும் மற்றொரு பகுதியில் கலைந்தும் விதைத்திருப்பின், சிறு சிறு பாத்திகளாகப் பகுத்து ஒவ்வொன்றன் விதையையும் கண்டு கூட்டுதல் வேண்டும். மின்னூட்டக் கணக்கின் நுழைவாயில் இதுவே.

4. மின்னூட்டத்தின் தொகை

மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள விசையின் விதியைக் கூலூம் 1785 இல் ஆய்வு வாயிலாக நிறுவினார். கடத்திகளின் மேற்பரப்பில் மின்னூட்டம் பரவும் வகையைப் புவாசோன் 1812 முதல் கணித முறையில் ஆராய்ந்தார். தொகையிடலைக் குறிக்கும் நீண்ட வளைகோட்டை லைப்னிட்சு 1675 இலேயே வகுத்துவிட்டார். ஆயினும், அக்குறியின் அடியிலும் முடியிலும் எல்லைகளை எழுதும் முறை, பூரியே 1822 இல் வெளியிட்ட வெப்பக் கொள்கை நூலால்தான் பரவியது. அதற்கு முன்னோர் எல்லைகளைப் பெரும்பாலும் சொற்களாலேயே கூறிவந்தனர். குறி பிறந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின்னரே எல்லைக்கு அக்குறியில் நிலையான இடம் கிடைத்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மின்னூட்ட அடர்த்தி இடந்தோறும் வேறுபடுமாயின், பொருளைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றின் அடர்த்தியையும் அதன் கன அளவையும் பெருக்கிக் கூட்டுவதே முறை. எல்லைகளை எங்கு வைப்பது? அடர்த்தி சுழியாகாத இடம் முழுவதும் அடங்கவேண்டும். எந்தக் கூறும் இருமுறை எண்ணப்படலாகாது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

1 மீட்டர் ஆரமுள்ள கோளம் ஒன்றனைக் கொள்வோம். அதன் நடுவில் அடர்த்தி கனமீட்டருக்கு 1 கூலூம். நடுவிலிருந்து விலக விலக அது சீராகக் குறைந்து மேற்பரப்பில் சுழியாகிறது. கோளத்திற்குப் புறத்தே மின்னூட்டம் இல்லை. ஆரத்தின் எல்லைகளைச் சுழிமுதல் 1 மீட்டர்வரை வைத்துத் தொகையிட்டால் மொத்தம் ஏறத்தாழ 1.047 கூலூம். மாணவர் ஒருவர், எல்லை பெரிதாயின் எதுவும் விடுபடாது என்று கருதி அதே வாய்பாட்டை 2 மீட்டர்வரை கொண்டுசென்றால், கழித்தல் குறியோடு 16.755 கூலூம் என்று விடை வரும். நேர்மின்னூட்டம் மட்டுமே உள்ள கோளத்தில் எதிர்மின்னூட்டம் எங்ஙனம் வந்தது? அடர்த்தியைக் கூறும் வாய்பாடு கோளத்தின் உள்ளே மட்டும் செல்லுபடியாவது. புறத்தே அதனைக் கொண்டுசென்றமையால் இல்லாத மின்னூட்டம் கணக்கிற் புகுந்தது. புறத்தே அடர்த்தி சுழி என்பதை மறவாது எழுதியிருப்பின், 2 மீட்டர் அன்றி முடிவிலிவரை சென்றாலும் விடை 1.047 கூலூமாகவே நிற்கும். எனவே பிழை பெரிய எல்லையில் இல்லை. எல்லையைக் கடந்தபின்னும் உள்நில விதியையே வழங்கியதில் உள்ளது. பக்கத்து நிலத்தையும் தன் நிலமாகக் கருதி விதைப்பாடு கூறுவான் செயலை ஒத்தது இது.

சில பொருள்களுக்கு மேற்பரப்பு என்று ஒன்று இல்லை. நீர்வாயு அணுவின் எலெக்ட்ரான் முகில் நடுவிலிருந்து விரைந்து தேய்ந்து செல்கிறது; எவ்விடத்தும் முற்றும் அறுவதில்லை. அங்கு முடிவிலியையே வெளியெல்லையாகக் கொள்ளவேண்டும். அப்போதுதான் ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டம் முழுதும் கிடைக்கும். மாறாக, உள்ளே குடைவுள்ள கோளக்கூட்டில் ஆரத்தின் எல்லை சுழியிலிருந்து தொடங்காது. குடைவின் விளிம்பிலிருந்து தொடங்கும். ஊர்நத்தத்தைக் கழித்து நிலம் கூறுவதோடு இதனை ஒப்பிடலாம்.

கோண எல்லைகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கோளத்தின் வடமுனையிலிருந்து தென்முனைவரை 180 பாகை. அச்சைச் சுற்றி 360 பாகை. சுற்று என்றாலே 360 என்று எண்ணி இரண்டிற்கும் அதனையே வைத்தால், கோளம் இருமுறை எண்ணப்படும். வழக்கமான வாய்பாட்டில் இரண்டாம் பாதி எதிர்க்குறி பெற்று முதற்பாதியை விழுங்கிவிட, மொத்தம் சுழியாகும். முனைகளுக்கிடையே கோளத்தைக் கீற்றுகளாகப் பகுத்துக் கூட்டும் நெறி நம் அண்டை நாட்டிற்கும் புதிதன்று. 16 ஆம் நூற்றாண்டில் சேட்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை, கோளத்தின் பரப்பை இணைவட்டக் கீற்றுகளின் தொகையாகக் கண்டு நிறுவுகிறது. சாசன வழக்கைச் சொல்லளவில் ஒப்பிட்டோம். யுக்திபாஷையில் காண்பதோ கணிதமே.

இனி, உள்ளே புகாமலேயே மொத்தம் காணும் வழியும் ஒன்றுண்டு. மூடிய பரப்பொன்றின் வழியே வெளிச்செல்லும் மின்பாயம் முழுவதும், உள்ளிருக்கும் மொத்த மின்னூட்டத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது காசின் விதி. பரப்பின் வடிவம் யாதாயினும் ஆகுக. அது மூடியதாக இருத்தல் மட்டும் இன்றியமையாதது. பிடி சூழ்ந்து வருதலும் இவ்விதியும் ஒன்றெனக் கூறோம். எனினும், ‘உள்’ என்பதற்குப் பொருள் தருவது மூடிய எல்லையே என்னும் கருத்து இரண்டிற்கும் பொது.

5. நிலவுலகின் மின்னூட்டம்

எல்லைத் தேர்வு ஏட்டுக் கணக்கோடு நிற்பதன்று. நாம் நிற்கும் இந்நிலவுலகின் மொத்த மின்னூட்டம் யாது என்னும் வினாவே அதற்குச் சான்று.

வானம் தெளிந்த நாளில் நிலத்தின்மேல் மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட் அளவுள்ள மின்புலம் கீழ்நோக்கி நிற்கிறது. இதனைக்கொண்டு, நிலப்பரப்பின் ஒவ்வொரு சதுரமீட்டரிலும் ஒரு கூலூமின் நூறு கோடியில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த எதிர்மின்னூட்டம் உண்டு எனக் கணக்கிடலாம். உலகின் பரப்பு ஏறத்தாழ 51 கோடி சதுரக் கிலோமீட்டர். முனைமுதல் முனைவரை, சுற்று முழுதும் தொகையிட்டால் மொத்தம் ஏறத்தாழ 4,50,000 கூலூம் எதிர்மின்னூட்டம்.

இவ்விடை சரியானதா? நிலத்தின் மேற்பரப்பை எல்லையாகக் கொண்டார்க்குச் சரியே. ஆயின், மேலே செல்லச் செல்ல மின்புலம் குறைகிறது. 10 கிலோமீட்டர் உயரத்தில் மீட்டருக்கு ஒருசில வோல்ட்டே எஞ்சுகிறது. அவ்வுயரத்தில் உலகைச் சூழ ஒரு மூடிய பரப்பைக் கருதிக் காசின் விதியை வழங்கினால், அதனுள் அடங்கும் மொத்த மின்னூட்டம் முன்னதில் நூற்றுக்கு ஒருசில பங்கே. காரணம், இடையிலுள்ள காற்றில் நேர்மின்னூட்டம் பரந்திருக்கிறது. எல்லையை மின்னணு மண்டலம்வரை உயர்த்தினால் தொகை ஏறத்தாழச் சுழியாகும். ஆகவே, ‘உலகின் மின்னூட்டம் நான்கரை லட்சம் கூலூம்’ என்பாரும் ‘உலகிற்கு மின்னூட்டமே இல்லை’ என்பாரும் ஒருவரையொருவர் மறுத்தாரல்லர், எல்லையால் வேறுபட்டனர். இருவரும் எல்லை கூறாது தொகை மட்டும் கூறியிருப்பின், முடிவில்லாத வழக்காக அது நிகழ்ந்திருக்கும்.

காற்று சிறிதளவு மின்கடத்தும் ஆதலின், உலகம் முழுவதிலும் ஆயிரம் ஆம்பியர் அளவில் மின்னோட்டம் நிலத்தை நோக்கி ஓயாது பாய்கிறது. ஈடுசெய்வது இல்லையாயின் நிலத்தின் மின்னூட்டம் சில நிமிடங்களிலேயே தேய்ந்துவிடும். இடிமழை முகில்களே அதனை மீண்டும் நிரப்புகின்றன என்னும் கருத்தைச் சி. தா. ரீ. வில்சன் 1920 இல் வெளியிட்டார். ‘கார்னிகி’ என்னும் ஆய்வுக்கலம் 1928–29 இல் கடல்களில் எடுத்த அளவுகள், மின்புலத்தின் நாள்முறை ஏற்ற இறக்கம் உலகெங்கும் ஒரே பொழுதில் நிகழ்வதைக் காட்டி அதற்கு அரண் செய்தன. நாஞ்சில் நாட்டிற்கு அண்மையில், திருநெல்வேலியை அடுத்த கிருட்டிணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இக்காற்றுமின்னோட்டத்தை அளந்து ஆராய்ந்துள்ளது.

இங்கும் ஓர் எல்லை மறைந்து நிற்கிறது. மீட்டருக்கு 100 வோல்ட் என்பது தெளிந்த வானுக்குரியது. இடிமுகிலின் கீழே மின்புலம் திசை மாறிப் பன்மடங்கு பெருகும். தெளிந்த நாளின் அளவை உலகப் பரப்பு முழுதிற்கும் நீட்டித்ததால், மேற்கூறிய தொகை தோராயமானதே. கோளத்தின் உள்விதியைப் புறத்தே நீட்டிய மாணவரின் பிழையைச் சிறிய அளவில் நாமும் செய்திருக்கிறோம். அறிந்து செய்தோம் என்பதே வேறுபாடு.

6. கீழெல்லையும் மேலெல்லையும்

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். 1916 இல் சேலத்தில் தோன்றிய தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கம் முதலாகக் கலைச்சொல்லாக்கம் பல படிகளைக் கடந்து வந்துள்ளது. தமிழ்நாட்டார் ‘மின்னூட்டம்’ என்பதனை ஈழத்தார் ‘ஏற்றம்’ என்பர். ஆனால் ‘எல்லை’ இருநாட்டார்க்கும் பொது. தொகையிடலின் இரு எல்லைகளையும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று பாடநூல்கள் வழங்குகின்றன.

சாசனத்திலும் கீழெல்லை, மேலெல்லை உண்டு. அங்குக் கீழ் என்பது கிழக்கு, மேல் என்பது மேற்கு. தமிழகத்தின் பெரும்பகுதியில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருத்தலின் இப்பெயர்கள் அமைந்தன என்பது அறிஞர் கருத்து. ஆயின், நம் மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் மலை கிழக்கிலும் வடகிழக்கிலும் ஓங்கியுள்ளது. குழித்துறையாறு மேலைக்கடலை நோக்கித் தேங்காய்ப்பட்டினத்தருகே இறங்குகிறது. அங்கும் உயர்ந்த திசையைக் கிழக்கு என்றே வழங்குகின்றனர். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856 இல் முதலில் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில், மலையாளத்திலும் மலையுள்ள திசை கிழக்கு எனப்படுதலைச் சுட்டி, அம்மொழியாளர் கீழைப்புறத்தினின்று வந்தவர் என்று கருதினார். அம்முடிபை ஏற்பினும் மறுப்பினும், சொல் பிறந்த நிலத்தின் சாய்வைச் சொல் தன்னோடு சுமந்து செல்லும் என்பது தெளிவு.

கணிதத்திலும் இது நிகழ்ந்துள்ளது. கீழெல்லை எப்போதும் சிறிய எண் என்று மாணவர் கருதிவிடுகின்றனர். குறியின் அடியில் எழுதப்படுதலே அப்பெயர்க்குக் காரணம். அங்குப் பெரிய எண்ணும் நிற்கலாம். எல்லைகளை இடமாற்றினால் தொகை எதிர்க்குறி பெறும். ஆகவே அவை குறிப்பது உயர்வு தாழ்வு அன்று, செல்லும் திசையே. எனவே, தொடக்க எல்லை, முடிவெல்லை என்று முதற்கண் கற்பித்து, பின்னர்க் கீழ், மேல் என்னும் வழக்கை அறிமுகம் செய்தல் நலம் என்று கருதுகின்றோம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. சார்பு ஒன்று நெருங்கிச் சென்றடையும் மதிப்பையும் ‘எல்லை’ என்கிறோம். தொகையிடலின் வரம்பையும் ‘எல்லை’ என்கிறோம். முன்னது அணுகப்படுவது, பின்னது நாட்டப்படுவது. சாசனத்து எல்லை, கல்லும் கள்ளியும் நாட்டப்பெற்ற எல்லை. ஆதலின் தொகையிடலுக்கு ‘எல்லை’ என்னும் சொல்லையே நிறுத்தி, அணுகுபொருளை ‘எல்லை மதிப்பு’ என்று வேறுபடுத்தி வழங்குதல் மரபுக்கும் தெளிவுக்கும் ஒத்தது.

7. முடிபு

பார்த்திவசேகரபுரத்து நாட்கணக்கில் தொடக்க எல்லை உடன்பாட்டால் அமைந்தது. நிலக்கொடையில் எல்லை நாட்டப்பெற்று, உண்ணிலம் ஒழியாமையும் புறநிலம் புகாமையும் காக்கப்பட்டன. மின்னூட்டக் கணக்கில் அடர்த்தியின் பரப்பே எல்லையைத் தருகிறது. உலகின் மின்னூட்டம் போன்ற வினாக்களில் அதனை வினாவுவாரே தேர்ந்து கூறவேண்டியுள்ளது. இவை மூன்றிலும் தொகைக்கு முன்னர் எல்லை நிற்கிறது.

சாசனம் எழுதினார் எல்லை நான்கையும் கூறிய பின்னரே நிலத்தின் அளவைக் கூறினார். தமக்குப் பின்வருவார் வழக்கிட இடம் வைக்கலாகாது என்பதே அவர் கருத்து. தொகையிடற் குறியை எழுதியவுடன் விடையை நோக்கி விரையும் மாணவரும், அதன் அடியிலும் முடியிலும் எழுதவேண்டியவற்றை முதற்கண் எண்ணித் துணிவாராயின், அவர் கணக்கிலும் வழக்கு எழாது.